திங்கட்கிழமை மட்டும் முட்டுகிற மூச்சு

கேள்வி: என் கணவர் பத்து வருடமாக ஸ்பின்னிங் மில்லில் ப்ளோ ரூமில் வேலை பார்க்கிறார். சில மாதமாகத் திங்கட்கிழமையானால் பாதி ஷிஃப்டிலேயே வீட்டுக்கு வந்துவிடுகிறார். நெஞ்சு இறுக்குகிறதாம். ஞாயிறு முழுக்கப் பையனோடு கண்மாயில் கிரிக்கெட் ஆடுகிறவருக்கு மறுநாள் மட்டும் எப்படி மூச்சு முட்டும்? எக்ஸ்ரேயிலும் ஒன்றும் இல்லை. சம்பளம் பிடிக்கிறார்கள், குழுக் கடன் தவணை நிற்கிறது. “இவன் அப்பா இருந்தவரைக்கும் அதே மில்லுக்கு ஒரு நாள் லீவு போட்டதில்லை” என்று மாமியார் புலம்புகிறார். இவருக்குப் பொறுப்பு வர என்ன வழி?
- பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: பொறுப்பில்லாத புருஷன் என்று வாராவாரம் எனக்குக் கடிதம் வருகிறது. உங்களுடையதையும் அந்தக் கட்டோடுதான் வைத்திருந்தேன். கிரிக்கெட் வரியைப் படித்ததும் உருவித் தனியே வைத்தேன்.

அவர் நடிக்கிறார் என்று காட்ட நீங்கள் எழுதிய வரி அது. அதுவே நோயின் பெயரைச் சொல்கிறது: பிஸினோசிஸ், பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய். ஆரம்பத்தில் அது வார லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில்தான் தலைகாட்டும். அதுவும் ஷிஃப்டில் நுழைந்தவுடன் இல்லை, சில மணி நேரம் கழித்து நெஞ்சைக் கயிறு போட்டுக் கட்டின மாதிரி இறுக்கும். மறுநாள் தேவலாம் போலிருக்கும். இப்படிக் கிழமை பார்த்து, மணி பார்த்து நடிக்க யாருக்கம்மா தெரியும்?

இப்படியே விட்டால் செவ்வாய்க்கும் நீளும், அப்புறம் வாரம் முழுக்க. அதற்கு மேல் மில்லை விட்டு நின்றாலும் போன மூச்சு திரும்பாது. இப்போதே தூசியை விட்டு விலகினால் தேற வாய்ப்பு அதிகம்.

ப்ளோ ரூம் என்பது கட்டாக வரும் பேலைப் பிரித்துப் பஞ்சை உதறுகிற இடம். அதுவும் பஞ்சைச் சீவுகிற கார்டிங்கும்தான் மில்லிலேயே தூசி அதிகமான பகுதிகள். புருவத்தில் வெள்ளைப் பஞ்சு ஒட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்திருப்பார், பார்த்திருப்பீர்கள். அது தட்டினால் போய்விடும். பஞ்சோடு வரும் காய்ந்த இலைச் சருகும், அதில் வளர்ந்த பாக்டீரியாவின் நஞ்சும் பொடியாகிக் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போவதுதான் கெடுதல். கர்ச்சீஃப் கட்டினால் அது நிற்காது. எக்ஸ்ரேயில் இந்த நோய்க்குத் தனி அடையாளமும் கிடையாது.

மில்லில் அவரை விரட்ட ஒரு சூப்பர்வைசர் இருக்கிறார். வீட்டில் இன்னொருவர் எதற்கு? நெஞ்சு இறுக்குது என்று ஒரு ஆண் வாய்விட்டுச் சொல்வதே நம் வீடுகளில் அபூர்வம். சொன்னவரைப் பொய்யன் என்றால் அடுத்த முறை வாயைத் திறக்கமாட்டார். தவணை இரண்டு மாதம் தள்ளிப் போகட்டும், குழுவில் நேரில் போய்ச் சொல்லுங்கள். அதுவும் குடும்பப் பொறுப்புதான், உங்கள் பங்கு.

மாமனார் லீவே போட்டதில்லை, சரி. கடைசிக் காலத்தில் மாடிப்படி ஏறினாரா? எந்த வயதில் போனார்? மாமியாரை உட்காரவைத்துக் கேளுங்கள்.

உங்கள் கணவரையும் விடுவதாக இல்லை. பீடி, சிகரெட் இருந்தால் இன்றோடு நிற்கட்டும். புகையும் சேர்ந்தால் நுரையீரல் இன்னும் வேகமாகக் கெடும். மகனுக்குப் பந்து போடுகிற ஆசை இருந்தால் இதைச் செய்யத்தான் வேண்டும்.

சம்பளச் சீட்டில் ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா பாருங்கள். சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் பிஸினோசிஸ் இருக்கிறது. வேலையால் வந்தது என்று பதிவானால் சிகிச்சையோடு, உடல் திறன் குறைந்ததற்கான உதவித்தொகையும் கேட்கலாம். டாக்டர் சீட்டை வைத்து, தூசி குறைந்த பேக்கிங் பக்கம் மாற்றித் தரும்படி மில்லில் எழுதிக் கொடுக்கட்டும்.

ஒன்று மட்டும், லீவு நாளில் டாக்டரிடம் போகாதீர்கள். அன்றைக்கு மூச்சு நன்றாக இருக்கும், மறுபடியும் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார்கள். திங்கட்கிழமை வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, நெஞ்சு இறுக்கும்போது ஒரு தடவை, ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். நீங்களும் கூடப் போங்கள். ப்ளோ ரூமில் பத்து வருடம் என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆடியதையும் டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். உங்களிடம் பேச்சு வாங்கிய மனிதர், அவராகச் சொல்லமாட்டார்.