கற்பனை ராஜ்ஜியக் கவிதை பட்டியல் போல இருக்கிறதா?

"தங்க மாளிகை, பளிங்குக் குளம், பேசும் மயில் என்று இருபது வரி எழுதிவிட்டேன். ஆனால் நான் அங்கே ராணியாக வாழ்வது போலத் தோன்றவில்லை" என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு முறை படித்தேன். கற்பனையில் குறையே இல்லை. அந்த மயில் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் ராணி எதையும் தொடவே இல்லை. சுற்றிப் பார்க்க வந்தவர் போல நிற்கிறார்.

ஒரே ஒரு காலையை எடுத்துக்கொள்ளுங்கள். மகுடத்தைக் கழற்றிய பிறகும் நெற்றியில் அதன் தடம் இருக்குமே, அதை அவர் விரலால் தடவிப் பார்க்கட்டும். யாரோ ஒரு வழக்கோடு வாசலில் நிற்கட்டும். தீர்ப்புச் சொல்ல அவருக்குத் தயக்கம் வரட்டும். அந்தத் தயக்கத்தில்தான் அவர் ராணி என்று நான் நம்புவேன்.

நாட்டைக் காட்ட நம் மரபில் தசாங்கம், அதாவது அரசருக்குரிய பத்து உறுப்புகளைப் பாடும் முறை, இருக்கிறது: பெயர், நாடு, ஊர், ஆறு, மலை, ஊர்தி, படை, முரசு, தார் (மாலை), கொடி. பத்தும் வேண்டாம். கொடியில் என்ன சின்னம், ஏன் அது என்பது மட்டும் போதும்.

இன்னொரு வழியும் உண்டு. கோசல நாட்டைப் பாடும் கம்பர், அங்கே வறுமை இல்லாததால் கொடைக்கே இடமில்லை என்கிறார். இல்லாததைச் சொல்லியே வளத்தைக் காட்டிவிடுகிறார்! உங்கள் நாட்டில் எது இல்லை? பூட்டா? காவலா? அதற்கு ஒரு வரி கொடுங்கள், தங்க மாளிகையை எடுத்துவிடலாம்.

மயிலை மட்டும் எடுத்துவிடாதீர்கள். ராணி தயங்கும் நேரத்தில் அது பேசட்டும்.