குதிரைக்கு மாட்டுத் தீவனம் வேண்டாம், புல்லைக் கூட்டுங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். நான் பல வருடமாகப் பால்மாடு வளர்ப்பவன். நாலு மாதத்துக்கு முன் 8 வயதுக் குதிரை ஒன்று வாங்கினேன். காயடித்த ஆண். 400 கிலோ இருக்கும் என்று விற்றவர் சொன்னார். காலையில் 3 கிலோ, மாலையில் 3 கிலோ மாட்டுத் தீவனத்தைத் தவிடு கலந்து வைக்கிறேன். இரவுக்குப் பத்துக் கிலோ பசும்புல் போடுகிறேன். இவ்வளவு தின்றும் விலா எலும்பு தெரிகிறது. லாயத்துக் கதவுக் கட்டையைக் கடித்துத் தின்கிறது. சாணம் சில நாள் கூழாகப் போகிறது. போன வாரம் தீனி தின்ற கொஞ்ச நேரத்தில் கீழே படுத்துப் புரண்டது, ஒரு மணி நேரத்தில் தானாகச் சரியாகிவிட்டது. மார்புச் சுற்றளவு 165 செ.மீ., உடல் நீளம் 150 செ.மீ. வாரத்தில் நாலு நாள் ஒரு மணி நேரம் சவாரி போகிறேன். என்ன தீனி, எவ்வளவு கொடுக்க வேண்டும்? தினமும் வேறு எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: மாட்டுத் தீவனத்தை இன்றைக்கே நிறுத்துங்கள். மற்ற மாற்றங்களைப் படிப்படியாகச் செய்யலாம், இதற்கு அந்தக் கணக்கு கிடையாது. மாடு, கோழித் தீவனங்கள் சிலவற்றில் மோனென்சின் போன்ற மருந்துகளைச் சேர்ப்பார்கள். மாட்டுக்கு அது தீனியை உடம்பில் ஒட்டவைக்கும், கோழிக்கு ரத்தக்கழிச்சலைத் தடுக்கும். குதிரைக்கு அதே பொருள் விஷம், இதயத் தசையையே அழித்துவிடும். நாலு மாதம் ஒன்றும் ஆகவில்லையே என்று தோன்றும். உங்கள் மூட்டையில் அந்த மருந்து இல்லாமலே இருந்திருக்கலாம், ஆனால் அடுத்த மூட்டையில் என்ன வரும் என்று யாருக்குத் தெரியும்? கால்நடை மருத்துவர் வரும்போது இதயத்தையும் ஒருமுறை கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மாட்டுக்கொட்டகையும் லாயமும் பக்கத்தில் இருந்தால் தீவன அறைக்குக் கதவும் தாழ்ப்பாளும் கட்டாயம் வேண்டும்.

விலா தெரிவது, கட்டையைக் கடிப்பது, லத்தி இளகுவது, தின்றபின் புரண்டது என்று நாலு குறை எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவை பெரும்பாலும் ஒரே குறையாகத்தான் தெரிகின்றன. உங்கள் குதிரைக்குப் புல் போதவில்லை.

மாட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது சட்டென்று பிடிபடாது. மாடு அவசரமாக மேய்ந்து உள்ளே தள்ளிவிட்டு, பிறகு நிதானமாக அசைபோடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. அதன் இரைப்பை உடம்பைப் பார்க்கும்போது மிகச் சிறியது, ஏறக்குறைய 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். அதில் அமிலம் இரவும் பகலும் ஊறிக்கொண்டே இருக்கும், தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும். அதைத் தணிப்பது எச்சில். எச்சிலோ மெல்லும்போது மட்டும்தான் சுரக்கும். திறந்தவெளியில் விட்டால் குதிரை ஒரு நாளில் 14, 16 மணி நேரம் மேய்வது இதனால்தான். மணிக்கணக்கில் வெறும் வயிற்றோடு நிறுத்தினால் இரைப்பையில் புண் வரும், மெல்ல எதுவும் கிடைக்காத வாய் கதவுக் கட்டையைத் தேடும். இன்னொன்று, குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது குடல் வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும்.

புல்லைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மாட்டுக்கு முன்பக்கம், முதல் வயிற்றில் இருக்கின்றன. குதிரைக்கு அவை பின்பக்கம், குருட்டுக்குடலிலும் பெருங்குடலிலும் இருக்கின்றன. தானியத்தின் மாவுச்சத்து சிறுகுடலிலேயே செரித்துவிட வேண்டும். ஒரே வேளையில் மூன்று கிலோவைக் கொட்டினால் செரியாத மாவு பெருங்குடலுக்கு வழிந்து போய்ப் புளிக்கும். அங்கே அமிலம் கூடி, நார் தின்னும் நுண்ணுயிர்கள் சாகும். லத்தி கூழாவது அதன் தொடக்கம். வயிற்றுவலியும், குளம்புக்குள் வீக்கம் வந்து கால் ஊன்ற முடியாமல் போகும் லாமினைட்டிஸும் அதற்கடுத்தவை. உங்கள் குதிரை போன வாரம் ஒரு கண்டத்தைத் தாண்டியிருக்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம். நீங்கள் அளவெடுத்து எழுதியது நல்லதாகப் போயிற்று. மார்புச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, தோள்முனையிலிருந்து பின்தொடை முனை வரையுள்ள நீளத்தால் மறுபடி பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும், எல்லாம் செ.மீ.யில் இருக்க வேண்டும். உங்கள் குதிரைக்கு இது ஏறக்குறைய 344 கிலோ. விற்றவர் சொன்ன 400 வெறும் கண்மதிப்பு.

உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்கு, ஈரம் கழித்த கணக்கில், புல்லாகவே போக வேண்டும். நூற்றுக்கு ஒன்றரைக்குக் கீழே எந்தக் காரணத்துக்காகவும் இறக்கக் கூடாது. 344 கிலோவுக்கு 7 கிலோ உலர்பொருள். நன்றாகக் காய்ந்த உலர்புல்லானால் 8 கிலோ. பசும்புல்லில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர் என்று வைத்தால் 35 கிலோ வேண்டும். நீங்கள் போடும் பத்துக் கிலோவில் உலர்பொருள் 2 கிலோதான் தேறும். விலா தெரியாமல் என்ன செய்யும்?

மெலிந்த குதிரை என்பதால் 8 கிலோவோடு நிறுத்தாமல் 9 கிலோ உலர்புல் வரை போகலாம். இருக்கும் பசும்புல்லோடு உலர்புல்லை நாளுக்கு நாள் கூட்டி, பத்துப் பதினான்கு நாளில் முழு அளவுக்கு வாருங்கள். மூன்று நாலு தடவையாகப் பிரித்துப் போடுங்கள், இரவுப் பங்கு பெரிதாக இருக்கட்டும். குதிரைமசால் என்ற பயறுவகைத் தீவனப் பயிர் கிடைத்தால் ஐந்தில் ஒரு பங்கு சேர்க்கலாம், புரதமும் கால்சியமும் கிடைக்கும். மாட்டுக்கு வைத்திருக்கும் சைலேஜ், அதாவது காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்த பசுந்தீவனம், அதன் பக்கம் போகாதீர்கள். அதில் சில வேளை உண்டாகும், தசைகளை முடக்கிப்போடும் பாட்டுலிச நஞ்சைக் குதிரை கொஞ்சமும் தாங்காது. வெட்டிக் குவித்துச் சூடேறிய புல்லும் வேண்டாம். பூஞ்சணம் பிடித்த உலர்புல்லை உதறினால் தூசி பறக்கும், மக்கின வாடை வரும். அதை மாட்டுக்காவது போடலாமே என்று மிச்சம் பிடிக்காமல் எருக்குழியில் தள்ளுங்கள். பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளம் குதிரையின் மூளையையே கெடுத்துவிடும்.

தானியம் அவ்வளவு அவசியமா என்று கேட்டால், வாரம் நாலு மணி நேரச் சவாரிக்கு நல்ல புல்லே போதும் என்பேன். மெலிவு தீரும்வரை கொஞ்சம் கொடுக்கலாம். ஒரு வேளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் மாவுச்சத்தைத் தாண்டக் கூடாது. அப்படியானால் உங்கள் குதிரைக்கு ஓட்ஸ் ஒரு வேளைக்கு முக்கால் கிலோ, மக்காச்சோளமானால் அரைக் கிலோ, அதுவே உச்சம். முதலில் கால் கிலோவில் தொடங்குங்கள். புல் தின்றபின் கொடுத்தால் இன்னும் நல்லது. டப்பாவில் அளக்காமல் தராசில் நிறுத்துக் கொடுங்கள். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் ஓட்ஸ் தீர்ந்துபோன ஒரு நாள், அதே டப்பாவில் அதே அளவு மக்காச்சோளத்தை நானே அள்ளி வைத்தேன். டப்பா ஒன்றுதான், ஆனால் மக்காச்சோளத்தில் சக்தி ஏறக்குறைய இரண்டு மடங்கு. அன்றிரவு முழுக்க, வயிற்றுவலியில் தவித்த அந்தக் குதிரையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

தவிடு விஷயத்தில் கை கொஞ்சம் இறுக்கமாக இருக்கட்டும். அதில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு. மாதக்கணக்கில் தவிடே பிரதானமானால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி எடுக்கும், முக எலும்பு வீங்கித் தலை பெருத்துப் போகும். தீனி மொத்தத்தில் பாஸ்பரஸைவிடக் கால்சியம் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருக்க வேண்டும். கொழுக்கட்டைப் புல் போன்ற சில வெப்பநாட்டுப் புல் வகைகளும் இதே தொல்லையைத் தரும், அவற்றிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போடும். மாட்டின் முதல் வயிறு ஆக்சலேட்டைச் சிதைத்துவிடும், குதிரைக்கு அந்த வேலையைச் செய்ய முன்பக்கம் எதுவும் இல்லை. அப்படிப்பட்ட புல்தான் உங்களிடம் என்றால் குதிரைமசாலும் குதிரைக்கான தாதுக் கலவையும் கட்டாயம்.

உப்பு தினம் 25 கிராம், வியர்க்கும் நாளில் கூடுதலாக. தண்ணீர் எப்போதும் எதிரில் இருக்க வேண்டும். நாளுக்கு 20 முதல் 40 லிட்டர் குடிக்கும், வெயிலில் அதைத் தாண்டும். உலர்புல்லுக்கு மாறும்போது தண்ணீர் குறைந்தால் குடலில் தீனி கட்டிக்கொள்ளும். தொட்டியைத் தினமும் தேய்த்துக் கழுவுங்கள். சவாரி முடிந்து வியர்த்து நிற்கும் குதிரைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். தாராளமாகக் காட்டலாம். தள்ளிவைக்க வேண்டியது தானியத்தைத்தான், மூச்சு அடங்கி ஒரு மணி நேரம் போகட்டும்.

அப்புறம் தினசரிப் பராமரிப்பு. காலையில் லாயத்துக்குள் போனதும் முதலில் தொட்டியில் புல் மிச்சம் இருக்கிறதா, லத்தி எத்தனை குவியல், எப்படி இருக்கிறது என்று பாருங்கள். உருண்டையாக விழுந்து, தரையில் பட்டதும் உடைந்தால் நல்ல லத்தி. இரவு முழுக்க லத்தியே இல்லை என்றால் மற்ற வேலையெல்லாம் அப்புறம். நான்கு குளம்பையும் தினமும் தூக்கி, குளம்புக் கொக்கியால் குதிகாலிலிருந்து முனை நோக்கிச் சுரண்டுங்கள். அடியில் அம்புமுனை போல இருக்கும் மெத்தைப் பகுதியின் பள்ளங்களில் கறுப்பாகக் கசிந்து நாற்றம் அடித்தால் அழுகல் தொடங்கிவிட்டது, படுக்கையின் ஈரம்தான் காரணமாக இருக்கும். லாடம் அடித்திருந்தாலும் இல்லாவிட்டாலும் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவ வேண்டும். லாயத்தில் குனிந்து மூச்சிழுத்துப் பாருங்கள். மூத்திர நெடியில் உங்கள் மூக்கு எரிந்தால், நாளெல்லாம் அங்கே நிற்கும் அதன் நுரையீரல் என்ன பாடுபடும்! உடம்பைத் தேய்த்துவிடும்போது கையாலும் தடவுங்கள். சேணம் படும் இடத்துப் புண்ணும், முடிக்கு அடியில் ஒளிந்திருக்கும் உண்ணியும் கண்ணைவிடக் கைக்குத்தான் முதலில் தெரியும். தினம் சில மணி நேரம் அவிழ்த்து வெளியே விடுங்கள், மாடுகள் கண்ணில் படும்படி இருந்தால் இன்னும் நல்லது. தனிமை அதற்கு ஆகாது.

மருத்துவரிடம் மூன்று வேலை வாங்குங்கள். முதலாவது பல். குதிரைப் பல் வருடத்துக்கு 2, 3 மி.மீ. வெளியே வந்துகொண்டே இருக்கும், தேயாத ஓரம் கத்திபோல் கூராகிக் கன்னத்தைக் கிழிக்கும். மென்ற புல்லை உருட்டி உருட்டித் துப்புகிறது என்றால் சந்தேகமே வேண்டாம். இரண்டாவது, லத்தியில் புழுமுட்டை எண்ணிப் பார்த்து அதற்கேற்ற மருந்து. கணக்கில்லாமல் மாதாமாதம் ஊற்றினால் புழுவுக்கு மருந்து பழகிவிடும். மூன்றாவது, டெட்டனஸ் தடுப்பூசி. சின்ன ஆணி குத்தினாலும் போதும், அந்த நோய்க்குக் குதிரை சட்டென்று பலியாகும்.

நன்றாக இருக்கும்போதே நாடியும் சூடும் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். ஓய்வில் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, உடல்சூடு 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். அடுத்த தடவை காலால் தரையைப் பறித்தாலோ, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, புரண்டாலோ, தீனியை எடுத்துவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள், ஒரு மணி நேரம் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். நாடி 60-ஐத் தாண்டினால் அதையும் போனிலேயே சொல்லிவிடுங்கள். வாய்வழியே எண்ணெயோ கஷாயமோ ஊற்ற வேண்டாம், நுரையீரலுக்குப் போய்விடும்.

இரண்டு வாரத்தில் லத்தி கட்டியாகிவிடும் என்று நினைக்கிறேன், கட்டை கடிப்பதும் குறையும். ஒருமுறை பழகிவிட்டால் அது முழுக்கப் போகாமலும் இருக்கலாம். விலா மூட மாதங்கள் ஆகும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, அதே நேரத்தில், அதே நாடாவால் மார்பை அளந்து எழுதி வையுங்கள். ஆறு வாரம் கழித்தும் எண் நகரவில்லை என்றால் பல், புழு அறிக்கைகளோடு மறுபடி எழுதுங்கள்.