வாசகர் கேள்வி பதில்: சாய்ச்சு விட்டா இட்டாலிக் ஆயிடுமா?

கேள்வி: ஸ்போர்ட்ஸ் கடை போர்டுக்கு ஃபியூச்சராங்கிற இங்கிலீஷ் ஃபான்ட்டோட இட்டாலிக்ல, அதாவது சாய்வு எழுத்துல, பேர் வேணும்னு கஸ்டமர் கேட்டார். என்கிட்ட நேரா நிக்கிற ஃபியூச்சராதான் இருந்துச்சு, கோரல்டிரா டிசைன் சாஃப்ட்வேர்ல ரெண்டாவது தடவை கிளிக் பண்ணி சாய்ச்சுக் குடுத்துட்டேன். பிளெக்ஸ்ல பெருசா அடிச்சு வந்ததும் இங்கிலீஷ் ஓ எழுத்து கோணலா இருக்குங்கிறார். சாய்ச்சா சாயத்தானே செய்யும்?
- டிடிபி ஆபரேட்டர், சிவகாசி

பதில்: உங்க கஸ்டமருக்கு நல்ல கண்ணுங்க, அவர் சொல்றது சரிதான். ஃபியூச்சரா 1927-ல ஜெர்மனியில பால் ரென்னர் வரைஞ்சு பாவர் கம்பெனி வெளியிட்ட ஃபான்ட், அதோட உயிரே வட்டமும் நேர்கோடும்தான். நீங்க அந்த வட்டத்தைச் சாய்க்கிறப்ப, சீட்டுக்கட்டை ஒரு பக்கமா தள்ளிவிட்ட மாதிரி மேல இருக்கிறதெல்லாம் வலப்பக்கம் நகருது, ஆனா கோட்டோட தடிமன் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி நிக்கிறதில்ல. ஓ-வைப் பெருசாக்கிப் பாருங்க. மேல் வலது மூலையும் கீழ் இடது மூலையும் தடிச்சிருக்கும், மேல் இடதும் கீழ் வலதும் மெலிஞ்சிருக்கும். விசிட்டிங் கார்டு சைஸ்ல இது யார் கண்ணுக்கும் படாது, பத்தடி போர்டுல பளிச்சுன்னு தெரியும்.

ஓ-வோட முடியல. ஆங்கில பெரிய ஏ எழுத்தைப் பாருங்க, இடது கால் இன்னும் சரிஞ்சு மெலிசாகும், வலது கால் நிமிர்ந்து தடிக்கும், ஒரே ஆளுக்கு ரெண்டு விதமான கால் வச்ச மாதிரி ஆயிடும். முறையா இட்டாலிக் செய்யறவங்க முதல்ல சாய்ச்சுட்டு, அப்புறம் ஒவ்வொரு எழுத்தா உக்காந்து தடிச்ச இடத்தைச் செதுக்கி, மெலிஞ்ச இடத்துக்குச் சதை போட்டு, எழுத்துக்கு நடுவுல விடுற இடைவெளியையும் திருத்துவாங்க. அது எவ்வளவு வேலைங்கிறதுக்கு ஒரு உதாரணம், வட்டமும் நேர்கோடுமா இருக்கிற இதே வகையைச் சேர்ந்த அவான்ட் கார்ட் காதிக்ங்கிற ஃபான்ட் 1970-ல வந்துச்சு, அதோட சாய்வு எழுத்து 1977-லதான் வந்துச்சு, அதுவும் குர்ட்லர், மெங்கெல்ட், க்ஷ்விண்ட்னு சுவிட்சர்லாந்துக்காரங்க மூணு பேர் சேர்ந்து செஞ்சது. இந்த உழைப்பை ஒரு கிளிக்ல ஈடுகட்ட முடியாதுங்க. அதனால ஃபான்ட் ஃபைல் பேர்ல இட்டாலிக்னோ, ஒப்ளிக்னோ (இதுவும் சாய்வு எழுத்துதான்) தனியா இருக்கான்னு பாத்து அதையே போடுங்க. காசு குடுத்து வாங்க முடியலன்னா பாப்பின்ஸ்னு ஒரு ஃபான்ட் இருக்கு, நம்ம இந்தியன் டைப் ஃபவுண்டரி செஞ்சது, 9 தடிமன், ஒவ்வொண்ணுக்கும் தனி இட்டாலிக், இலவசம்.

கேள்வி: ஃபியூச்சரா இட்டாலிக் மாதிரி எழுத்து எங்க பொருந்தும்? புராஜெக்ட் ரிப்போர்ட் முழுக்க இதுலயே போடலாம்னு ஆசை.
- கல்லூரி மாணவி, கோவை

பதில்: ரிப்போர்ட் முழுக்க வேண்டாம்மா. இந்த வகையில இங்கிலீஷ் ஓ, சி, ஈ, சின்ன ஏ எல்லாமே ஒரே வட்டத்துல இருந்து பொறந்தவை, நாலு வரிக்கு அழகா இருக்கும், நாப்பது பக்கம்னா படிக்கிறவங்க கண்ணு சோர்ந்திடும். நடுவுல ஒரு வார்த்தையை அழுத்திச் சொல்லவும் இது பத்தாது. செரிஃப் எழுத்துல, அதாவது டைம்ஸ் மாதிரி கோட்டு முனையில சின்னக் கொக்கி இருக்கிற எழுத்துல, இட்டாலிக் போட்டா சின்ன ஏ-வோட உருவமே மாறும், அதனால உடனே தெரியும். இதுல உருவம் அதேதான், சாய்வு மட்டும்தான், பத்தியில கலந்தா கண்டுபிடிக்கவே முடியாது. அதுக்கு போல்டு போட்டுக்கோ.

இதோட இடம் பெரிய எழுத்து, கொஞ்சம் வார்த்தை. பார்பரா க்ரூகர்னு அமெரிக்கக் கலைஞர், முன்னாடி பத்திரிகை டிசைனரா இருந்தவங்க, கறுப்பு வெள்ளை போட்டோ மேல சிவப்புப் பட்டை போட்டு அதுல வெள்ளையா ஃபியூச்சரா போல்டு ஒப்ளிக்ல ரெண்டு மூணு வார்த்தை வைப்பாங்க, பாக்கிறவங்கள நேருக்கு நேரா கேள்வி கேக்கிற மாதிரி இருக்கும். 1994-ல நியூயார்க்ல ஆரம்பிச்ச சுப்ரீம் துணிக்கடையோட சிவப்புப் பெட்டி லோகோ அங்க இருந்து எடுத்ததுதான். சாய்வுல ஒரு வேகம் இருக்கு, ஒரு அவசரம் இருக்கு. 1969-ல அப்போலோ 11 நிலாவுல விட்டுட்டு வந்த பலகையிலயும் ஃபியூச்சராதான், ஆனா நேரா நிக்கிறது. சமாதானமா வந்தோம்னு சொல்ற வாசகத்தைச் சாய்ச்சு எழுதியிருந்தா எனக்கு ஒட்டியே இருக்காது. உன் ரிப்போர்ட்டுக்கு அட்டையிலயும் அத்தியாயத் தலைப்புலயும் மட்டும் வச்சுப் பாரு.

கேள்வி: பக்கத்துல வர்ற தமிழையும் அதே மாதிரி சாய்க்கலாமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: நான் சாய்க்க மாட்டேன். ஆங்கில இட்டாலிக் இத்தாலிக்காரங்க வேகமா எழுதின கையெழுத்துல இருந்து வந்தது, வெனிஸ்ல ஆல்டஸ் மனூஷியஸ் 1501-ல முழுப் புத்தகமே அதுல அச்சடிச்சுட்டார். தமிழ் அச்சுல அப்படி ஒரு மரபு வளரல, வேர்டுல ஐ பட்டனை அமுக்குனா பெரும்பாலும் நடக்கிறது சிவகாசிக்காரர் கோரல்டிராவுல செஞ்ச அதே வேலைதான். நம்ம எழுத்துல ழ, ஞ, லை எல்லாம் சுழிச்சு வளைஞ்சு போறது, தடிமன் கெடுறதுக்கு இடமும் அதிகம். ஆங்கிலப் பேர் சாய்ஞ்சு இருக்கட்டும், தமிழை நேரா நிறுத்தி, ரெண்டோட தடிமனும் ஒத்துப் போற மாதிரி ஃபான்ட் தேர்ந்தெடுங்க, அளவையும் கண்ணால பாத்துச் சரி பண்ணுங்க. ஒரே பாயின்ட் சைஸ் வச்சாலும் தமிழ் பெருசாவோ சின்னதாவோ தெரியலாம்.