அப்பாவின் ஒப்பந்தத்தைப் படித்த பெண் என்ன படிக்கலாம்?

அவிநாசிப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

எட்டு வருடம் மில்லில் மெக்கானிக்காக இருந்த உங்கள் கணவரை, ‘நீங்கள் எங்கள் ஆளே இல்லை, கான்ட்ராக்டர்’ என்று அனுப்பிவிட்டார்கள். இந்த நேரத்தில் பெண்ணை மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்க்கச் சொல்லி அண்ணன் நெருக்குகிறார், வீட்டுப் பத்திரத்தை வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். வைக்காதீர்கள். வருமானம் நின்ற வீட்டில், பிள்ளை கேட்காத படிப்புக்காகக் கடன் வாங்கவே கூடாது.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ‘மில் சொன்ன ஷிப்டுக்குப் போய், மில் ஸ்பேனரைப் பிடித்து, லீவுக்கு சூப்பர்வைசரிடம் நின்றவர் எப்படி கான்ட்ராக்டர்?’ என்று அப்பாவின் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு உங்கள் பெண் கேட்டாளாமே! தொழிலாளர் வழக்குகளில் நீதிமன்றம் கேட்கும் கேள்வியே அதுதான். 1973-ல் சில்வர் ஜூபிளி டெய்லரிங் ஹவுஸ் என்ற தையல் கடையின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. தையல்காரர்களுக்கு உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி; முழு நாளும் இருக்கவேண்டிய கட்டாயமில்லை, சிலர் வீட்டுக்கே துணியை எடுத்துப்போனார்கள். ஆனால் பெரும்பாலும் மெஷின் கடைக்காரருடையது; சரியில்லை என்றால் பிரித்துத் தைக்கச் சொல்லும் உரிமையும் அவருக்கு. அவர்கள் வேலையாட்களே என்றது நீதிமன்றம்.

வேலையாள் என்றால் சும்மா அனுப்பிவிட முடியாது. ஓராண்டில் 240 நாள் வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் என்று தரவேண்டும், பி.எஃப்., இ.எஸ்.ஐ. தனி. அதைத் தவிர்க்கத்தான் பல இடங்களில் ‘கான்ட்ராக்டர்’ என்று எழுதி வாங்குகிறார்கள்.

சரி, படிப்புக்கு வருகிறேன். சென்னையில் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் என்று ஒன்று இருக்கிறது. தொழிலாளர் துறையின் கீழ் அரசே நடத்துவது, பட்டம் சென்னைப் பல்கலைக்கழகத்துடையது. பிளஸ் டூ முடித்ததும் பி.ஏ. தொழிலாளர் மேலாண்மை மூன்று வருடம். பிடித்தால் அங்கேயே எம்.ஏ. உண்டு. வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை நேரத்தில் தொழிலாளர் நிர்வாகப் பட்டயம், வார இறுதியில் தொழிலாளர் சட்டப் பட்டயம் என்றும் நடத்துகிறார்கள். தொழிற்சாலைகளில் தொழிலாளர் நல அலுவலர் வேலைக்கு இந்தப் படிப்பு தகுதி, டி.என்.பி.எஸ்.சி. வழியாக வரும் தொழிலாளர் உதவி ஆய்வாளர் பணிக்கு முன்னுரிமை உண்டு. பி.ஏ. முடித்து அரசு சட்டக் கல்லூரியில் மூன்றாண்டு எல்.எல்.பி. சேர்ந்தால், இதே சண்டையை நீதிமன்றத்திலேயே போடலாம். பழைய தொழிலாளர் சட்டங்களைச் சேர்த்து மத்திய அரசு கொண்டுவந்த நான்கு சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டன. உணவு டெலிவரி செய்யும் பையன்களைப் பற்றிக்கூட அதில் இருக்கிறது. இந்தப் புதுச் சட்டத்தை முறையாகப் படித்தவர்கள் திருப்பூர், கோவை வட்டாரத்துக்கே நிறையத் தேவைப்படுவார்கள்.

கட்டணத்தைவிட சென்னையில் தங்கும் செலவுதான் பெரிதாக இருக்கும், அதற்கு முதலில் கணக்குப் போடுங்கள். உங்கள் கணவரிடம் இருக்கும் அடையாள அட்டை, ஷிப்ட் சீட்டு, பேங்க் பாஸ்புக் எதையும் தூக்கிப் போடாமல் இந்த வாரமே தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போகச் சொல்லுங்கள். பெண்ணையும் கூட அனுப்புங்கள். அப்புறம், அண்ணனுக்கு ‘இல்லை’ என்ற பதிலை நீங்களே சொல்லுங்கள், அவளைச் சொல்ல வைக்காதீர்கள்.