ரிப்போர்ட் நார்மல், அப்புறம் எதற்கு மாத்திரை?

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. இரண்டு மாதத்தில் இரண்டு முறை வலிப்பு வந்தது. ஈ.ஈ.ஜி., எம்.ஆர்.ஐ. இரண்டும் நார்மல். ஆனாலும் டாக்டர் மாத்திரை எழுதிவிட்டார். சரிதானா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: சரிதான். காய்ச்சல், தலைக்காயம் போன்ற உடனடிக் காரணம் எதுவும் இல்லாமல், 24 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விட்டு இரண்டு முறை வந்தாலே அது வலிப்பு நோய்தான். ஈ.ஈ.ஜி. என்பது அரை மணி நேரம் மூளையின் மின் அலைகளை ஒட்டுக்கேட்பது. அந்த நேரத்தில் கோளாறான அலை தலைகாட்டினால் சிக்கும், இல்லாவிட்டால் இல்லை. வலிப்பு உள்ளவர்களிலேயே ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் பதிவில் ஒன்றும் தெரியாது.

ஈ.ஈ.ஜி.யை மறுபடி எடுக்கச் சொன்னால், முந்தைய இரவு தூக்கத்தைக் குறைத்துவிட்டு வரச் சொல்வார்கள். எத்தனை மணி நேரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் காபி, டீ வேண்டாம், சாப்பாட்டை விடக்கூடாது, மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. தலைக்கு ஷாம்பு போட்டுக் குளித்து, எண்ணெய் தடவாமல் வர வேண்டும். எண்ணெய்ப் படலம் இருந்தால் தலையில் ஒட்டும் மின்முனைக்கும் தோலுக்கும் இடையே மின்தடை கூடும். அது 5 கிலோ ஓமுக்குள் இருப்பது நல்லது. மிஞ்சினால் அறையிலுள்ள 50 ஹெர்ட்ஸ் கரன்ட் உள்ளே நுழைந்து, அலைக்கோடு கம்பளிப்பூச்சி மாதிரி தடித்துவிடும்.

எம்.ஆர்.ஐ. சீட்டில் ‘வலிப்பு புரோட்டோகால்’ (வலிப்புக்கென்றே எடுக்கும் முறை) என்று எழுதியிருந்ததா பாருங்கள். தலைவலிக்கு எடுக்கும் சாதாரண ஸ்கேனில் ஒரு வெட்டு சுமார் 5 மி.மீ. தடிமன். மூளையின் மேலடுக்கான புறணியில் இருக்கும் சின்னக் குறை அதில் ஒளிந்துகொள்ளும். வலிப்புக்கு இடைவெளியில்லாத 1 மி.மீ. வெட்டுகளும், ஹிப்போகாம்பஸ் என்ற, நினைவாற்றலுக்கான மூளைப் பகுதிக்குக் குறுக்கே எடுத்த படங்களும் தேவை.

இன்னொன்று: அடுத்த முறை வந்தால், பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்த பிறகு யாராவது செல்போனில் வீடியோ எடுங்கள். கண் எந்தப் பக்கம் திரும்பியது, எந்தக் கை முதலில் இழுத்தது என்பதெல்லாம் பல நேரம் ரிப்போர்ட்டை விட அதிகம் பேசும். 5 நிமிடம் தாண்டினால் வீடியோ வேண்டாம், ஆம்புலன்ஸை அழையுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். நகையைக் கழற்றினால் போதுமா?
- வாசகர், காரைக்குடி

பதில்: போதாது. தாலிச் சங்கிலியில் கோத்திருக்கும் ஊக்கைத்தான் எல்லோரும் மறப்பார்கள். இரும்பு ஊக்கு எந்திரத்தின் காந்தத்தை நோக்கிப் பறக்கும். ஜரிகைப் புடவையும் கூடாது. உலோக இழை சூடேறித் தோலைச் சுடலாம். மெட்டி, கொண்டை ஊசி, காது கேட்கும் கருவி எல்லாம் வெளியே இருக்கட்டும். பேஸ்மேக்கரோ, மூளையில் ஆபரேஷனில் போட்ட கிளிப்போ இருந்தால் அதன் கார்டைக் காட்டாமல் அறைக்குள் போகவே கூடாது.

கேள்வி: வலிப்பு வந்த தம்பிக்கு ஸ்கேனில் ‘வளையம் போல் ஒரு சிறு கட்டி’ என்கிறார்கள். புற்றுநோயா? நாங்கள் சைவம்.
- வாசகர், வேலூர்

பதில்: நம் நாட்டில் இப்படித் தெரிவது பெரும்பாலும் நாடாப்புழுவின் நீர்க்கட்டி அல்லது காசநோய்க் கட்டி. உங்கள் ஊர் சி.எம்.சி. மருத்துவர்கள் வகுத்த அளவுகோலில் முக்கியமானவை: ஒரே கட்டி, 20 மி.மீ.க்குள், மூளையின் நடுக்கோட்டைத் தள்ளும் வீக்கம் இல்லை. இவை பொருந்தினால் புழுக்கட்டியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சைவமும் காப்பாற்றாது, புழுவின் முட்டை மனித மலம் கலந்த தண்ணீர், கழுவாத கீரை வழியாகத்தான் வருகிறது. சில மாதம் கழித்து எடுக்கும் ஸ்கேனைத் தவறவிடாதீர்கள். கட்டி சுருங்கவில்லை என்றால் காசநோய் முதலாக வேறு காரணங்களைத் தேட வேண்டும்.