கொரியப் போர் முடிந்து 70 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டதே, தென் கொரியாவில் இன்னும் போர் எதிர்ப்பு இயக்கங்கள் எதற்கு? அவர்கள் எதையாவது சாதித்திருக்கிறார்களா?

கேள்வியிலேயே ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. கொரியப் போர் முடியவில்லை. 1953 ஜூலை 27 அன்று கையெழுத்தானது போர்நிறுத்தம் மட்டும்தான். ஐ.நா. படைத் தலைமை, வட கொரியப் படை, சீனத் தொண்டர் படை ஆகிய தரப்புகள் அதில் கையெழுத்துப் போட்டன. தென் கொரியாவின் அன்றைய அதிபர் சிங்மன் ரீ போட மறுத்துவிட்டார். அதற்குப் பின் வரவேண்டிய அமைதி உடன்படிக்கை இன்று வரை வரவே இல்லை. அது வேண்டும் என்பதுதான் அங்குள்ள அமைதி இயக்கங்களின் அடிப்படைக் கோரிக்கை.

நான் ஆராய்ச்சிப் படிப்புக்காகச் சியோலுக்குத் தெற்கே உள்ள சுவோன் நகரில் இருந்தவன். ஊரை ஒட்டியே விமானப்படைத் தளம். போர் விமானங்கள் மேலே போனால் பேசிக்கொண்டிருப்பவர் நிறுத்திவிட்டு, சத்தம் அடங்கிய பிறகு தொடர்வார். அந்த ஊரில் இருந்த காலத்தில்தான் இந்த இயக்கங்களைக் கவனிக்க ஆரம்பித்தேன். தலைநகரில் பதாகை பிடிக்கும் அமைப்புகள் முக்கியமானவைதான். ஆனால் போராட்டத்தைப் பல ஆண்டுகள் இழுத்துப் பிடித்து நிறுத்துகிறவர்கள் ராணுவத் தளங்களுக்குப் பக்கத்தில் வயலும் கடலும் வைத்திருக்கும் கிராமத்துக்காரர்கள், அதிலும் வயதானவர்கள். இதைச் சொல்லத்தான் இந்தப் பதிலையே எழுதுகிறேன்.

சுவோனுக்கு மேற்கே, ஹ்வாசொங் கடற்கரையில் மேஹ்யாங்ரி என்று ஒரு கிராமம் இருக்கிறது. போர்க் காலத்திலிருந்தே அமெரிக்க விமானப்படை அதைக் குண்டுவீச்சுப் பயிற்சிக்குப் பயன்படுத்தியது. கரைக்கு எதிரே இருக்கும் நோங்சொம் என்ற குட்டித் தீவுதான் இலக்கு. அடிவாங்கி அடிவாங்கி அந்தத் தீவே சிறுத்துப்போனது. 1960-களில் சிப்பி எடுக்கப் போன கர்ப்பிணி ஒருவர் தவறி விழுந்த குண்டில் இறந்தார். ராணுவ ஆட்சி நடந்த காலத்தில் யாரும் வாய் திறக்க முடியவில்லை. 1987-இல் ஜனநாயகம் திரும்பிய பிறகு, 1988-இல் ஊர்மக்கள் குழு அமைத்தார்கள். 1998-இல் 14 பேர் இழப்பீடு கேட்டு அரசு மீது வழக்குப் போட்டார்கள். 2000 மே மாதம் ஒரு விமானம் இயந்திரக் கோளாறால் ஆறு குண்டுகளைக் கழற்றிவிட்டுப் போனதில் வீடுகள் சேதமாக, நாடு முழுவதும் இருந்து மாணவர்களும் தொழிற்சங்கத்தினரும் அங்கே போய் நின்றார்கள். 2004-இல் உச்ச நீதிமன்றம் ஊர்மக்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2005 ஆகஸ்டில் பயிற்சித் தளத்தையே மூடினார்கள். நான் போனபோது அங்கே சிறுவர்கள் விளையாடும் பேஸ்பால் மைதானங்கள் இருந்தன. கடலிலிருந்து எடுத்த துருப்பிடித்த குண்டு ஓடுகளைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள்.

ஆனால் 2017-இல் சுவோன் விமானப்படைத் தளத்தை மாற்றுவதற்குப் பூர்வாங்க இடமாகப் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது எதைத் தெரியுமா? அதே மேஹ்யாங்ரிக்குப் பக்கத்தில் கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலத்தை. சுவோன்காரர்களுக்குச் சத்தத்திலிருந்து விடுதலை வேண்டும், அது நியாயமான ஆசைதான். அதற்காக அரை நூற்றாண்டு குண்டுச் சத்தம் கேட்டவர்களிடமே அதைத் தள்ளுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஊர்மக்கள் மறுபடியும் எதிர்த்து நிற்கிறார்கள்.

அடுத்தது ஜெஜு தீவின் காங்ஜொங் கிராமம். கணக்குப்படி பார்த்தால் இது தோற்ற போராட்டம். 2007 ஏப்ரலில் சுமார் 1,900 பேர் உள்ள ஊரில், எண்பது தொண்ணூறு பேர் கூடிய கூட்டத்தில் கைதட்டியே கடற்படைத் தளத்துக்குச் சம்மதம் வாங்கிவிட்டார்கள். ஆகஸ்டில் ஊர்மக்களே முறையாக வாக்கெடுப்பு நடத்தினார்கள். 725 பேர் வாக்களித்ததில் 680 பேர் வேண்டாம் என்றார்கள். அரசு அதை ஏற்கவில்லை. கடற்கரையில் குரொம்பி என்ற ஒரே பாறை, ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம். 2012 மார்ச்சில் அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். 2016-இல் தளம் திறந்தது. கட்டுமானம் தாமதமானதற்கு 340 கோடி வொன்னுக்கு மேல் நஷ்டஈடு கேட்டுப் போராட்டக்காரர்கள் மீது வழக்குப் போட்டார்கள். அடுத்த ஆண்டு ஆட்சி மாறிய பிறகுதான் அதைக் கைவிட்டார்கள். ஊரும் இரண்டாகப் பிளந்தது. ஒரே குடும்பத்தில் அண்ணன் வீட்டுத் திதிக்குத் தம்பி போகாத நிலை. தளத்தைவிடப் பெரிய சேதம் அதுதான் என்று நினைக்கிறேன்.

இந்தத் தீவில் அது ஏன் இவ்வளவு வலித்தது என்றால், 1948-இல் கிளர்ச்சியை அடக்குவதாகச் சொல்லி அரசு தொடங்கிய ஒடுக்குமுறையில் ஜெஜுவில் 25,000 முதல் 30,000 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று அரசின் விசாரணைக் குழுவே மதிப்பிட்டிருக்கிறது. 2005-இல் அரசு இதை 'உலக அமைதித் தீவு' என்று அறிவித்தது. இரண்டு ஆண்டு கழித்துக் கடற்படைத் தளத்துக்குக் காங்ஜொங்கைத் தேர்ந்தெடுத்தது.

தளம் வந்த பிறகும் காலையில் வாயிலுக்கு முன்னால் நூறு முறை விழுந்து வணங்குவதும், பிறகு திருப்பலியும் தொடர்ந்தன. அங்கேயே குடியேறி நின்றவர்களில் ஒருவர் மூன் ஜோங்-ஹியோன் என்ற கத்தோலிக்கப் பாதிரியார், போய்க் குடியேறியபோதே எழுபது வயதைத் தாண்டியவர். அவருடைய தம்பி மூன் க்யூ-ஹியோனும் பாதிரியார்தான். 1989-இல் இம் சு-க்யோங் என்ற மாணவி தடையை மீறி வட கொரியத் தலைநகர் பியோங்யாங் போய், பன்முன்ஜொம் எல்லை வழியாக நடந்தே திரும்பியபோது கூடவே நடந்து வந்தவர் அவர். மாணவியையும் அவரையும் சிறையில் போட்டார்கள். அதே ஆண்டு பியோங்யாங் போன மூன் இக்-ஹ்வான் என்ற போதகருக்கும் சிறைதான். வடக்கோடு அனுமதியில்லாமல் தொடர்பு வைப்பதைக் குற்றமாக்கும், 1948-இல் போட்ட தேசியப் பாதுகாப்புச் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. எதிரியோடு பேசலாம் என்று சொல்வதே குற்றமாக இருந்த நாட்டில், அதைச் சாதாரணப் பேச்சாக மாற்றியதை நான் பெரிய சாதனையாகப் பார்க்கிறேன்.

குறையும் உண்டு. வட கொரியாவில் சுதந்திரமான மக்கள் அமைப்பு எதுவும் இயங்க முடியாது. அங்குள்ள சிறை முகாம்களைப் பற்றித் தெற்கில் சில அமைதி அமைப்புகள் அடக்கியே வாசிக்கின்றன. பேச்சுவார்த்தை கெட்டுவிடும் என்று காரணம் சொல்வார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை.

சமீபத்திய உதாரணம் ஒன்று. 2024-இல் தெற்கிலிருந்து சில குழுக்கள் வட கொரிய ஆட்சிக்கு எதிரான துண்டுப் பிரசுரம் கட்டிய பலூன்களை விட, வடக்கு குப்பைப் பலூன்களை அனுப்பியது. பிறகு இரண்டு பக்கமும் எல்லையில் ஒலிபெருக்கி. வடக்கிலிருந்து ராத்திரி முழுக்க விசித்திரமான ஊளைச் சத்தம் வந்து எல்லையோர மக்களால் தூங்க முடியவில்லை. அக்டோபர் கடைசியில் எல்லையோரப் பாஜு பகுதி விவசாயிகள் டிராக்டர்களைக் கொண்டுவந்து நிறுத்தி, பலூன் விட வந்தவர்களை விடாமல் தடுத்தார்கள். 2025 ஜூனில் புதிய அரசு ஒலிபரப்பை நிறுத்தியது, மறுநாளே வடக்கும் நிறுத்தியது. ஆட்சி மாற்றம் இல்லாமல் அது நடந்திருக்காது, ஆனாலும் அந்த மக்கள் இடைவிடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததற்கும் அதில் பங்கு உண்டு.

அப்புறம், ஆண்களுக்கு ராணுவ சேவை கட்டாயமான அந்த நாட்டில், ஆயுதம் ஏந்த மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்று சொன்ன இளைஞர்கள். பல ஆயிரம் பேர், பெரும்பாலும் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், தலைமுறை தலைமுறையாகச் சிறைக்குப் போனார்கள். 2018-இல் அரசியல் சாசன நீதிமன்றம் ராணுவத்துக்குப் பதிலான மாற்றுச் சேவைக்கு வழிசெய்யச் சொன்னது. 2020-இல் அது தொடங்கியது. தரைப்படையில் 18 மாதம் என்றால் இவர்களுக்கு 36 மாதம், அதுவும் சிறைச்சாலைக்குள்ளேயே தங்கி வேலை. இதைக் குறைக்கச் சொல்லி இன்னும் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.