தூங்கியவனைக் கொளுத்தியவர் போராளியா?

கேள்வி: ஐஸ்வர்யா ராய் நடித்த ஆங்கிலப் படம் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்த கணவனைத் தீ வைத்துக் கொன்ற கிரண்ஜித் அலுவாலியாவைப் போராளி என்கிறார்கள். அடி தாங்கவில்லை என்றால் விலகிப் போயிருக்கலாமே?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: போனாரே! வீட்டைவிட்டு ஓடி மரங்களுக்கிடையே ஒளிந்தவரைக் கணவர் கண்டுபிடித்துக் கூட்டிவந்து மறுபடியும் அடித்தார். கோர்ட்டுக்குப் போய் இரண்டு முறை தடை உத்தரவும் வாங்கினார். உத்தரவு பெட்டியில் இருந்தது. கணவர் அதே வீட்டில் இருந்தார். இதற்குமேல் எங்கே விலகிப் போவது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

1979இல் மருமகளாக இங்கிலாந்து போனவர் அவர். பத்து வருட அடிக்குப் பிறகு, 1989 மே மாதத்தில் ஓர் இரவு. டெலிபோன் பில்லுக்குப் பணம் கேட்ட கணவர், கொடுக்காவிட்டால் காலையில் உதை என்றார். சூடான இஸ்திரிப் பெட்டியைக் காட்டி முகத்தைப் பொசுக்குவேன் என்றார். பிறகு படுத்துத் தூங்கிவிட்டார். இவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. இரண்டரை மணிவாக்கில் எழுந்தார். சில நாள் முன்பே வாங்கிவைத்திருந்த பெட்ரோலை வாளியில் ஊற்றி, கேஸ் அடுப்பில் மெழுகுவர்த்தியைப் பற்றவைத்துக்கொண்டு மாடியேறினார். சில நாள் கழித்துக் கணவர் ஆஸ்பத்திரியில் இறந்தார். டிசம்பரில் லூயிஸ் நகர நீதிமன்றம் கொலைக்குற்றம் என்று ஆயுள் தண்டனை கொடுத்தது.

முன்கூட்டி வாங்கிய பெட்ரோலும் இடையில் கழிந்த சில மணி நேரமும்தான் அவரைக் கவிழ்த்தன. ஆத்திரமூட்டப்பட்டதால் கொன்றேன் என்று சொல்லிக் கொலைக்குற்றத்தைக் குறைத்துக்கொள்ள, 'திடீரென, அந்த நேரத்துக்கு மட்டும்' நிலை தவறியிருக்க வேண்டும் என்பது 1949 தீர்ப்பொன்றில் வந்த விதி. கைபலம் உள்ளவனுக்கு அது சரி. கோபம் வந்த நொடியே ஓங்கிவிடுவான். நேருக்கு நேர் ஓங்கினால் தானே செத்துப்போவோம் என்று தெரிந்தவள், அவன் தூங்கும்வரை காத்திருப்பாள். அந்தக் காத்திருப்பைச் சட்டம் 'ஆறிப்போன கோபம்' என்று எழுதிக்கொண்டது. வேடிக்கை, அந்த 1949 வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்றவரும் அடிபட்ட மனைவிதான்.

அவருடைய வக்கீல்கள் தரப்பிலும் ஓரிடத்தில் கோட்டைவிட்டார்கள். கடும் மனச்சோர்வில் இருந்தார் என்ற மனநல மருத்துவரின் அறிக்கை ஜூரி முன் வைக்கப்படவே இல்லை. லண்டனில் 1979இல் தொடங்கிய சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் என்ற பெண்கள் அமைப்பு வழக்கைக் கையிலெடுத்தது. கோர்ட் வாசலில் பதாகை பிடித்ததோடு நிற்காமல், விடுபட்ட மருத்துவச் சான்றைத் தேடி எடுத்தார்கள். 1992 ஜூலையில் மேல்முறையீடு வந்தது. இங்கேதான் பலரும் தப்பாகச் சொல்கிறார்கள். ஆத்திரமூட்டல் வாதத்தை நீதிபதிகள் ஏற்கவில்லை. தாமதம் என்ற ஒன்றுக்காகவே அந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது என்று மட்டும் சொன்னார்கள். மருத்துவச் சான்றை ஏற்று மறுவிசாரணைக்கு அனுப்பினார்கள். செப்டம்பரில் 'கொலையாகாத மரணம்' என்று முடிந்து, மூன்று வருடம் நான்கு மாதம் தண்டனை. அதை ஏற்கெனவே சிறையில் கழித்துவிட்டதால் வெளியே வந்தார். நிரபராதி என்று யாரும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. கொளுத்தியதற்காக அவரைப் போராளி என்பது தப்பு. வெளியே வந்தபின் வீட்டு வன்முறையைப் பற்றி வாய்திறந்து பேசினாரே, அதற்காகச் சொல்லலாம்.

இது வெள்ளைக்காரன் ஊர் விவகாரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். கொடுமை தாங்காமல் பிள்ளைகளோடு கிணற்றில் குதித்துத் தான்மட்டும் பிழைத்த ஒரு தாயின் கொலை வழக்கில், அதே 1989இல் நம் சென்னை உயர் நீதிமன்றம் நல்லதங்காளின் பெயரைச் சொல்லி அந்த மனநிலையைக் குறித்தது. அப்போதிருந்த இந்தியத் தண்டனைச் சட்டம் 'திடீர்' ஆத்திரத்தைத்தான் பேசியது; நாள்பட்ட ஆத்திரத்துக்கும் அதில் இடமுண்டு என்றது தீர்ப்பு. 2024இல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 'நாள்பட்ட ஆத்திரம்' என்ற சொல் ஏறவில்லை. அதனால் ஒவ்வொரு வழக்கிலும் வக்கீல் புதிதாக வாதாட வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தில் சட்டத்தையே மாற்றிவிட்டார்கள். 2010 அக்டோபர் முதல் அங்கே பழைய ஆத்திரமூட்டல் விதியே கிடையாது. புதிய சட்டத்தில் நிலைதவறுவது 'திடீரென' இருக்கத் தேவையில்லை. கடும் வன்முறைக்குப் பயந்து செய்தேன் என்பதும் கேட்கப்படும். யோசித்துப் பழிவாங்கியிருந்தால் கேட்கப்படாது. மனைவி இன்னொருவனோடு போனாள், அதனால் வெட்டினேன் என்பதையும் காரணமாக எடுக்க முடியாது. காலங்காலமாகக் கணவன்மார் சொல்லிச் சலுகை வாங்கிய காரணம் அது. அப்போது 'விலகிப் போயிருக்கலாமே' என்று கேட்டவர்கள் எத்தனை பேர், வாசகரே?